பச்சைப் பலகையில் ஒரு சிவப்புப் பொட்டு

ஹட்டனில் நான் வேலை செய்த கடையில் இப்போது இருப்பவர்கள் போன மாதம் மேசை லாச்சிகளைத் துப்புரவாக்கியபோது, காய்ந்துபோன சிவப்பு கியூட்டெக்ஸ் போத்தல் ஒன்றைக் கண்டெடுத்திருக்கிறார்கள். கணினி திருத்தும் இடத்தில் நகப்பூச்சு எதற்கு என்று அவர்களுக்கு விளங்கவில்லை. படம் பிடித்து எனக்கு அனுப்பி, "அண்ணே, இது யாரோடது? உண்மையச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தார்கள். பக்கத்தில் சிரிக்கும் முகங்கள் வேறு. அதே வாரத்தில் இன்னொன்றும் கேட்டார்கள். மெதுவாகிப்போன வீட்டுக் கணினி வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று என் அனுபவத்தை வைத்து எழுதித் தர வேண்டுமாம். இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நான் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். அப்பா தொழிற்சாலையில் உலர்த்தும் அறையில் இருந்தார். சாதாரண தரப் பரீட்சை முடித்து, கண்டியில் ஒரு கணினிப் பயிற்சி முடித்து, நேரே இந்தக் கடைக்கு வந்தேன். பயிற்சியில் கற்றதில் பாதி முதல் வருடத்திலேயே பழசாகிவிட்டது. மிச்சப் பாதியைச் சிவபாதம் சேர் பழசாக்கினார். கண் மங்கத் தொடங்கி நான் விலகும் வரைக்கும் அதே மேசைதான், அதே ஜன்னல்தான், எதிரே அதே பஸ் நிலையம்தான்.

சிவபாதம் சேர் கடையின் முதலாளி. யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் தினமும் சந்தனம், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடிக்காத பழக்கம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்கு யார் மீதாவது சந்தேகம் வந்தால் மரியாதை கூடிவிடும். வாடிக்கையாளருக்குத் தேநீர் வரவழைப்பார். எங்களை வழக்கமாக "நீர்" என்பவர், "நீங்கள்" என்று தொடங்கினால் ஏதோ பிடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு முன்பு அந்த மேசையில் இருந்தவரை அவர் ஒரு நாள் முழுவதும் "நீங்கள்" என்று அழைத்தார். மறுநாள் அந்த ஆள் வேலைக்கு வரவில்லை. வாடிக்கையாளர் ஒருவரின் சாமானை அவர் எடுத்தாரா இல்லையா என்பது கடைசிவரை நிரூபணமாகவில்லை. அதற்குப் பிறகு அந்த மனிதரை நம்பி இந்தப் பக்கத்தில் யாரும் ஒரு பிளக்கைக்கூடக் கழற்றக் கொடுக்கவில்லை.

மெதுவான கணினிக்குச் சேர் வகுத்த முறை இது. முதலில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். கிடைக்கும் பதிலை நம்பக் கூடாது. எந்த வீட்டிலும் யாரும் எதுவும் செய்வதில்லை, கணினி தன்பாட்டில் மெதுவாகிவிடுகிறது. ஆகவே கேட்ட பிறகு கையைக் கட்டிக்கொண்டு, அது எழும்புவதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்க்க வேண்டும். அதோடு சேர்ந்து தாமாகவே எழும்பும் நிரல்கள் எவை, அவற்றை அழைத்தது யார் என்று பார்த்து, தேவையில்லாததை நிறுத்த வேண்டும். பிறகு வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் ஊர்களில் அதை அடைப்பது பெரும்பாலும் கலியாண வீடியோ. பிறகு பெட்டியின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். தொழிற்சாலைக்கு அருகில் இருக்கும் வீடு என்றால் விசிறியில் தேயிலைப் பஞ்சு ஏறியிருக்கும். பனி விழும் இடமென்றால் அந்தப் பஞ்சு நனைந்து கம்பளிபோல் அப்பிக்கிடக்கும். சூட்டில் கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். இவ்வளவும் சரியென்றால்தான் நினைவகம். அதாவது ரேம். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றுவது கடைசிக்கும் கடைசி. "ஃபோர்மட் அடிக்கிறவன் காரணத்தைத் தேடாதவன்" என்பார் சேர். காரணம் தெரியாமல் வேகமான கணினியை நானும் இன்றுவரை நம்புவதில்லை.

தலவாக்கலையில் ஒரு சாமான் கடைக்காரரின் வீட்டுக் கணினி நினைவுக்கு வருகிறது. எழும்பவே ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரம் எடுத்தது. பார்த்தால் வைரஸ் பிடிக்கும் நிரல்கள் மூன்று. ஒன்றை ஏன் எடுக்கவில்லை என்றேன். ஒன்றை மட்டும் எப்படி நம்புவது, அது ஏமாற்றினால் மற்றது பிடிக்கட்டும் என்றுதான் வைத்தாராம். மூன்று காவற்காரர்களும் திருடனை விட்டுவிட்டு ஒருவர் பையை ஒருவர் துழாவிக்கொண்டிருந்தார்கள். இரண்டை எடுத்துவிட்டேன், கணினி ஓடியது. அவர் அந்த வேகத்தையே சந்தேகமாகப் பார்த்தார்.

இனி கியூட்டெக்ஸ் போத்தலுக்கு வருகிறேன்.

திருத்தக் கொடுத்த சாமானில் நல்லதைக் கழற்றிக்கொண்டு கெட்டதைப் போட்டுவிடுவார்கள் என்ற பயம் மக்களுக்கு உண்டு. சேருக்கு அதற்கு எதிர்ப்பக்கத்துப் பயம். புதிய சாமானை வாங்கிப் போய், வீட்டிலிருக்கும் பழுதானதைக் கொண்டுவந்து, "நீங்க போட்டது வேல செய்யல" என்று மாற்றிக் கேட்டால்? ஒருமுறை அப்படி நடந்ததாம். அந்த நாளில் நாங்கள் பாகங்களின் இலக்கங்களைக் குறித்துவைப்பதில்லை. அதனால் போட்டுக் கொடுக்கும் ஒவ்வொரு பாகத்திலும் கியூட்டெக்ஸ் தூரிகையால் ஒரு புள்ளி வைப்போம். புள்ளியின் ஒரு பாதி ஒட்டியிருக்கும் லேபிளில், மறு பாதி பாகத்தின் பச்சைப் பலகையில் விழ வேண்டும். லேபிளைப் பிரித்து வேறொன்றில் ஒட்டினால் புள்ளி உடைந்து காட்டிக்கொடுக்கும்.

இதை வாடிக்கையாளர் பார்த்திருக்க அவர் முன்னாலேயே செய்வோம். என்ன அது என்று கேட்டால் என்ன சொல்வது என்றும் சேர் சொல்லித் தந்திருந்தார். "சந்தேகப்படுறது பாவமில்லை. சந்தேகத்தைக் காட்டினால்தான் ஆள் திரும்பி வரமாட்டார். நல்லா ஓடட்டும் எண்டு பொட்டு வைக்கிறம் எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லும்" என்றார். அப்படியே சொல்லிவந்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்காத ஒருவர் இராமையா. தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவர். மஸ்கெலியாவில் நீர்த்தேக்கம் தெரியும் மேட்டில் சொந்த வீடு. மகள் சாந்தினி வீட்டிலிருந்தபடி கோயில் நோட்டீஸ், வகுப்பு மாஸ்டர்களின் வினாத்தாள், கலியாணப் பத்திரிகை எல்லாம் தட்டெழுதிக் கொடுப்பவர். கணினி மெதுவாகிவிட்டது, வந்து பாருங்கள் என்று அழைத்தார்கள். சாமி படங்களுக்குக் கீழே, சாந்தினி தைத்த பூப்போட்ட உறைக்குள் கணினி இருந்தது. சேரின் முறைப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடைசியில் நினைவகம் போதவில்லை என்று தெரிந்தது. பழையதற்குப் பக்கத்தில் அதே அளவில் இன்னொன்று போட்டால் போதும்.

நான் வேலை செய்து முடியும்வரை இராமையா ஒரு கதிரையை இழுத்துப்போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவருடைய பார்வை என் முகத்துக்கு வரவேயில்லை. கைகளிலேயே இருந்தது. நினைவக அட்டையை எப்படிப் பிடிக்கிறேன், இரண்டு பக்கக் கொக்கிகளை எப்படித் திறக்கிறேன், எப்படி அழுத்தினால் அது சத்தம் போட்டு உட்காருகிறது என்று பார்த்துக்கொண்டேயிருந்தார். பழையதையும் கழற்றித் துடைத்துப் போட்டதால் இரண்டு அட்டைகளிலும் புள்ளி வைத்தேன். என்ன அது என்றார். சேர் சொல்லித் தந்ததைச் சொன்னேன். மூடுவதற்கு முன் இன்னொரு தடவை உள்ளே பார்க்க வேண்டும் என்றார். சாமான் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

கணினி நன்றாகவே ஓடியது. ஆயுத பூசை கழிந்த பிறகு மறுபடியும் மெதுவாகிவிட்டதாம். சாந்தினி ஒரு சொல்லை அடித்தால் அது திரையில் வர யோசித்ததாம். எனக்குச் சொல்லி அனுப்பாமல், வீட்டுக்குள்ளேயே விசாரணை நடந்திருக்கிறது. ஒரு மாஸ்டர் கொண்டுவந்த பென் டிரைவை சாந்தினி சந்தேகித்தார். அந்த மாஸ்டரையே இராமையா சந்தேகித்தார். பூசைக்கு வந்தவர்களெல்லாம் பார்த்துவிட்டுப் போனதில் கண்பட்டுவிட்டது என்று தாயார் பூசணிக்காய் உடைத்தார். எதற்கும் கணினி அசையவில்லை. மஸ்கெலியா டவுணில் கணினி பார்க்கும் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் பெட்டியைத் திறக்கவேயில்லை. திரையில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, நினைவகத்தில் பாதியைக் காணவில்லையே, கடைசியாகத் திறந்தது யார் என்று கேட்டாராம். வேறொன்றும் சொல்லவில்லையாம். அதற்கு மேல் எதுவும் தேவையும் இல்லை.

இராமையாவும் சாந்தினியும் ஹட்டன் பஸ்ஸில், கணினிப் பெட்டியைக் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அன்றைய என் நாட்குறிப்பில் "மழை" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். மற்றதை எழுதக் கை வரவில்லை.

பெட்டி மேசைக்கு வந்ததும் வழக்கம்போல் திருகாணிகளைக் கழற்றக் கையை நீட்டினேன். இராமையா பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார்.

"தம்பி தொட வேணாம். மொதலாளி தொறக்கட்டும்."

சேர் எழுந்து வந்தார். விஷயத்தைச் சாந்தினி சொன்னார். சேர் அவர்களுக்கு இரண்டு தேநீர் வரவழைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "லோகநாதன், நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்றார்.

அந்த "நீங்கள்" காதில் விழுந்ததும் எனக்கு முன்பு அந்த மேசையில் இருந்தவர்தான் கண்முன் வந்தார். வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். சாமான் மாற்றுகிறவன் என்ற பெயர் வந்துவிட்டால் மஸ்கெலியாவிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் வரைக்கும் எந்த வீட்டுக் கதவும் எனக்குத் திறக்காது. எனக்கு இந்தத் தொழிலைவிட வேறு தொழில் தெரியாது.

இராமையா என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. கொழுந்து நிறுக்கிற தராசுகிட்டயே என் காலம் முடிஞ்சிச்சி. அங்க நிக்கிறவன எல்லாரும் சந்தேகப்படுவாங்க. நான் ஒருநாளும் கோவிச்சுக்கிட்டதில்ல" என்றார்.

"அப்பா, அவர்தான் எடுத்தாருன்னு நம்ம சொல்லலியே. காணோம்னுதான் சொல்றோம்."

"எடுக்காம எப்படிம்மா காணாமப் போகும்?"

சேர் பெட்டியைத் திறந்தார். உள்ளே நினைவக அட்டைகள் இரண்டும் இருந்தன. ஆனால் சேருக்கு அது போதவில்லை. நல்லதை எடுத்துக்கொண்டு செத்ததைச் செருகினாலும் இரண்டு இருக்கும். டோர்ச்சை அடித்தார். பழைய அட்டையில் சிவப்புப் புள்ளி பளிச்சென்று இருந்தது. நான் போட்ட புதிய அட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி இல்லை. சூட்டில் கருகியதுபோல் ஒரு பழுப்புத் திட்டு மட்டும் இருந்தது.

"இது நீங்கள் போட்டதோ?"

"அதே கம்பனிதான் சேர். அளவும் அதேதான்."

"நான் அதைக் கேட்கேல்லை. இது நீங்கள் போட்டதோ?"

எங்களுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் புள்ளி. அது இல்லாதபோது நான் போட்டது இதுதான் என்று எனக்கே எப்படித் தெரியும்? அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் சந்தேகப்படாத ஆள் இல்லை. மஸ்கெலியாக்காரர் திறக்கவில்லை என்பது உண்மைதானா? பென் டிரைவ் கொண்டுவந்த மாஸ்டர் வேறென்ன கொண்டுபோனார்? ஒரு வினாடி, இராமையாவையே நினைத்தேன். சேர் பயந்ததும் இதற்குத்தானே.

கையால் தொட அனுமதியில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சேரின் கையிலிருந்த அட்டைக்குக் கிட்டக் குனிந்தேன். கருகிய சாமானுக்கென்று ஒரு நாற்றம் உண்டு, இத்தனை வருடத்தில் அது எனக்குப் பழக்கம். அந்த நாற்றம் இல்லை. வேறொரு வாசம் இருந்தது. அது சேரின் நெற்றியிலிருந்து வருகிறதோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். அவர் முகத்தைத் திருப்பியபோதும் வாசம் போகவில்லை.

"சேர், கொஞ்சம் மோந்து பாருங்க."

அவர் முகர்ந்தார். அட்டையைச் சாந்தினியிடம் கொடுத்தார். சாந்தினியும் முகர்ந்தார். அவர் பார்வை என் பக்கம் வரவில்லை, தகப்பன் பக்கம் போனது.

"அப்பா. பூசையன்னிக்கு இதுக்கு என்ன செஞ்சீங்க?"

"பொட்டு வச்சேன்" என்றார் இராமையா. மறைக்க ஏதும் இல்லாதவர் சொல்வதுபோல் சொன்னார். "தம்பி வச்சது சின்னதா ஒரு ஓரமா கெடந்துச்சி. வருசத்துக்கு ஒருக்காவாச்சும் அதுக்குச் செய்யணும்ல. கவ்வாத்துக் கத்திக்கு வச்சேன், தையல் மிசினுக்கு வச்சேன், இத மட்டும் விடமுடியுமா? மெதுவா கழட்டி, சந்தனமும் குங்குமமும் வச்சி, தம்பி செஞ்ச மாதிரியே திரும்ப அமுக்கி வச்சேன். மத்தது வயருக்கு அடியில இருந்துச்சி, வெரல் போகல. அதான் ஒண்ணுக்கு மட்டும்."

"பெட்டிக்கு மேல வச்சிருக்கலாமேப்பா."

"மேல வெறும் தகரம்மா. வேல செய்யிறது உள்ள இருக்கறதுதான். தம்பியே அதுக்குத்தான வச்சிச்சி?"

சேர் பஞ்சைச் சுத்தம் செய்யும் திரவத்தில் நனைத்துத் திட்டைத் துடைத்தார். பஞ்சு செம்மஞ்சளானது. அடியிலிருந்து எங்கள் சிவப்புப் புள்ளி வெளியே வந்தது. பாதி லேபிளில், பாதி பலகையில், உடையாமல் அப்படியே இருந்தது. சந்தனம் தண்ணீராக இருந்திருக்கிறது. வழிந்து, அட்டையின் அடியில் இருக்கும் பொன்னிறப் பற்களில் இறங்கிக் காய்ந்திருந்தது. பற்கள் தாய்ப்பலகையைத் தொடாததால் கணினிக்கு அந்த அட்டை இருப்பதே தெரியவில்லை. சேர் அழிரப்பரால் பற்களைத் தேய்த்து, பொருத்தி, கணினியை எழுப்பினார். எண் முழுதாக வந்தது. சாந்தினி ஒரு கோயில் நோட்டீஸைத் திறந்து இரண்டு வரி அடித்துப் பார்த்தார். எழுத்து விரலோடு வந்தது.

அத்தோடு கதை முடிந்திருக்கலாம். இராமையா விடவில்லை. அட்டையைப் பஞ்சால் துடைத்தபோது சந்தனமும் குங்குமமும் போய், அடியிலிருந்த சிவப்பு போகாததை அவர் கவனித்திருந்தார்.

"அப்ப தம்பி வச்சது குங்குமம் இல்லீங்களா?"

நான் சேரைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டு இன்னொரு பதில் சொல்ல அவரால் முடியும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"இல்லை ஐயா. அது நகத்துக்குப் பூசுறது. நீங்கள் வீட்டில சாமானை மாத்திப்போட்டு எங்களிட்டக் கேட்டு வந்தால் பிடிக்கிறதுக்கு வச்ச அடையாளம்."

இராமையா தேநீரைத் தள்ளி வைத்தார். அதில் ஆடை படிந்துவிட்டது.

"நாங்க மாத்திருவோம்னு நீங்க. நீங்க மாத்திட்டீங்கன்னு நாங்க" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "நடுவுல சாமிய வேற இழுத்துவிட்டுட்டேன்" என்றார். சாந்தினி வாயைப் பொத்திக்கொண்டார்.

இராமையா கையை நீட்டி அந்தப் போத்தலைக் கேட்டார். சேர் கொடுத்தார்.

"ஒங்க அடையாளம் ஒரு பக்கம் இருக்கட்டும். என் அடையாளம் ஒரு பக்கம் இருக்கட்டும். இனி ரெண்டு பேருக்கும் தெரியும்."

"பல்லுல படாமப்பா."

"தெரியும்மா." அட்டையைத் திருப்பி, மறுபக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். கொழுந்துக் கணக்கில் புள்ளி போட்ட கை. எங்களுடையதைவிட வட்டமாக வந்தது. பிறகு அட்டையை என்னிடம் நீட்டினார். "இந்தாங்க தம்பி. நீங்களே போடுங்க."

போட்டேன். அன்றிலிருந்து எங்கள் கடையில் இரட்டைப் புள்ளி. எங்களுடையது ஒன்று, வாடிக்கையாளர் கையால் ஒன்று. காரணத்தையும் சொல்லிவிடுவோம். சிலர் முகம் சுளித்து வேறு கடைக்குப் போனார்கள். பெரும்பாலானவர்கள் அதைத்தான் விரும்பினார்கள். சில பெண்கள் வீட்டிலிருந்து சொந்த நிறத்தைக் கொண்டுவந்தார்கள். ஆகவே தம்பிமார்களே, அந்தப் போத்தல் யாருடையதும் அல்ல, கடையுடையது. கூட ஒரு ஊதா நிறப் போத்தலும் இருக்க வேண்டும், தேடிப் பாருங்கள்.

அன்றைக்கு அவர்கள் பஸ்ஸுக்குப் போன பிறகு சேர் தன் மேசைக்குத் திரும்பினார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "லோகநாதன், நீர் சாப்பிட்டனீரோ?" என்று கேட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த ஆயுத பூசைக்கு முதல்நாள் சாந்தினி தொலைபேசியில் அழைத்தார். இந்த வருடம் பொட்டை எங்கே வைக்கலாம் என்று அப்பா கேட்கிறாராம். பெட்டிக்கு வெளியே, எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்றேன். அவர் அதை அப்பாவிடம் சொல்வதும், பின்னால் இராமையாவின் குரலும் கேட்டன. சாந்தினி திரும்பி வந்து, "வெளியில வச்சா உள்ள இருக்கறதுக்குத் தெரியுமான்னு கேக்குறாருண்ணே" என்றார். தெரியும் என்று சொல்லச் சொன்னேன்.

சில மாதம் கழித்து வேறொரு வேலையாக அந்த வீட்டுக்குப் போனபோது, தூசு தட்ட வேண்டும் என்று சொல்லிப் பெட்டியைத் திறந்தேன். இராமையா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். வெளித்தகரத்தில் சந்தனம் காய்ந்திருந்தது. உள்ளே அட்டையில் ஒரு பக்கம் என் புள்ளி, மறுபக்கம் அவர் புள்ளி. வேறொன்றும் இல்லை, கணினியும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

இருந்தாலும் முகர்ந்து பார்த்தேன். அவர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.